வேகம்: குறைவு

உங்கள் வீட்டு லேப்டாப் என்றைக்காவது ஒருநாள் இதைச் செய்திருக்கும். இன்னும் செய்யவில்லை என்றால் சந்தோஷம். கொஞ்சம் பொறுங்கள், செய்யும்.

திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி மூன்று மாதமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. 'ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு தயார். இலவசம். நிறுவலாமா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'இப்போது'. இன்னொன்று, 'பிறகு நினைவூட்டு'. 'வேண்டாம்' என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் இல்லை. கல்யாணத் தரகரிடம்கூட 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம், இதனிடம் முடியாது. பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே வந்து, ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 'இப்போது' என்று அமுக்கிவிட்டேன்.

முதலில் ஒரு தகுதித் தேர்வு வைத்தது. குறைந்தபட்சம் 4 ஜிபி ராம் வேண்டும் என்றது. என்னிடம் இருந்ததும் 4 ஜிபி. பாஸ் மார்க் 35, வாங்கியதும் 35. பச்சை டிக் போட்டது. பிள்ளை பாஸாகிவிட்டான் என்ற திருப்தியில் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் வேறு லேப்டாப். பொத்தானை அமுக்கிவிட்டு, பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, காபி குடித்து, பேப்பரில் முதல் பக்கத்தையும் முடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கடவுச்சொல் கேட்கிறது. ஒரு எழுத்தை அடித்தால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த வார்த்தை மறந்துபோகிறது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. (எந்தக் கம்பெனி, யாருடைய சிஸ்டம் என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டிலும் இதே கதைதான், பெயர்தான் வேறு.)

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கும் வயசாயிடுச்சுங்க. எத்தனை நாளைக்குத்தான் ஓடும்?"

சரிதான் என்று தலையாட்டினேன். குளிக்கும்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வயசாகாத லேப்டாப்புக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எப்படி வயசாகும்? நடுவில் எட்டு மணி நேரம்தானே?

ஒரு பொருள் மெதுவாகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, யாரைக் குற்றம் சொல்கிறோம்?

எனக்குத் தெரிந்த கை வைத்தியமெல்லாம் செய்து பார்த்தேன். அணைத்துவிட்டுப் போட்டேன். தேவையில்லாத படங்களை அழித்தேன். விசிறி ஓட்டையில் ஊதினேன். பத்து நாள் போயிற்று. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வருடத்தை மட்டும் பார்த்தார். "2018 மாடல் சார். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, பார்க்கறீங்களா?" டாக்டர் நாடி பிடிக்காமல் ஆதார் கார்டில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாள் வாழ்ந்துட்டீங்களே" என்று சொன்ன மாதிரி இருந்தது.

பதினோராவது நாள் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். மற்றவர்களுக்கு: அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், எலெக்ட்ரானிக்ஸ் சம்பந்தமாக உலகத்தில் என்னென்ன உண்டோ எல்லாம் கிடைக்கும் சந்துகள். மாடியில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு கடை. இருபத்தைந்து வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினார். ஒரு பட்டியல் வந்தது. அதற்குப் பெயர் டாஸ்க் மேனேஜர். யார் யார் இந்த நிமிடம் உங்கள் லேப்டாப்பை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பேர் பேராகச் சொல்லும். ஹார்ட் டிஸ்க்குக்கு நேராக 100 சதவீதம் என்று சிவந்துபோய் இருந்தது. மெமரிக்கு நேராக 91.

"எத்தனை நாள் ஆச்சு சார் அப்கிரேட் பண்ணி?"

"இன்னிக்குப் பதினோராவது நாள்."

"போச்சு. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப் போகணும்னா பத்து நாள்தான் டைம். நேத்தோட முடிஞ்சிருச்சு."

சினிமாவில்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ராம் என்பது மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது பீரோ. வேலை செய்யவேண்டிய தாள்களை பீரோவில் இருந்து எடுத்து மேஜையில் பரப்பிக்கொள்கிறோம். பழைய சிஸ்டம் மேஜையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது. புதிய சிஸ்டம் வந்து நடு மேஜையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மீதி இருக்கும் ஓரத்தில் உங்கள் வேலையைப் பார்க்கவேண்டும். இடம் போதவில்லை என்றால் ஒரு தாளை பீரோவில் கொண்டுபோய் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வரவேண்டும். அது வேண்டும் என்றால் இதை வைத்துவிட்டு மறுபடி அதை. நாள் முழுக்க மேஜைக்கும் பீரோவுக்கும் நடைதான்.

அந்த பீரோவோ பழைய ரகம். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, கிராமபோன் முள் மாதிரி ஒரு முள் தேடித் தேடிப் படிக்கிறது. ஒரே சமயத்தில் நாலு பேர் நாலு ஃபைல் கேட்டால் முள் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். அப்கிரேட் ஆன கையோடு சிஸ்டம் உங்களிடம் சொல்லாமல் நாலைந்து வேலைகளைத் தொடங்கிவிடுகிறது. எல்லா ஃபைல்களுக்கும் புதிதாகத் தேடல் அட்டவணை போடுகிறது. வைரஸ் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் துழாவுகிறது. விட்டுப்போன அப்டேட்களை இறக்குகிறது. போதாக்குறைக்கு நான் எப்போதோ காசு கொடுத்துப் போட்ட வைரஸ் தடுப்பு ஒன்று, சிஸ்டத்தோடு வந்தது ஒன்று. ஒரே வீட்டுக்கு இரண்டு கூர்க்கா, ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு!

"ரெண்டு நாள் சார்ஜர்ல போட்டு சும்மா விட்டிருந்தா பாதி வேலையை அதுவே முடிச்சிருக்கும் சார். நீங்க அப்பப்ப அணைச்சு அணைச்சுப் போட்டீங்களா, அது மறுபடி விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்குது."

"சரி தம்பி, லேப்டாப்புக்கு என்னதான் ஆச்சு?"

"லேப்டாப்புக்கு ஒண்ணுமே ஆகல சார். அது அதே ஸ்பீடுலதான் ஓடுது. நீங்கதான் வேலையை ஜாஸ்தி பண்ணிட்டீங்க."

பிறகு ஒரு சீட்டை எடுத்து என் பெயர், போன் நம்பர், மாடல் எழுதினார். 'கம்ப்ளெய்ன்ட்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் ஒரே வார்த்தை எழுதினார். 'ஸ்லோ'. சிஸ்டத்தைப் பற்றி எழுத அந்தச் சீட்டில் கட்டமே இல்லை. புகார் எப்போதும் பொருளின் பேரில்தான்.

நான் படித்தது பி.காம். அதில் படித்தது முக்கால்வாசி மறந்துவிட்டாலும் தேய்மானம் மறக்கவில்லை. ஒரு சொத்தின் மதிப்பு ஏன் குறைகிறது? பாடப் புத்தகத்தில் காரணங்களை வரிசையாகப் போட்டிருக்கும். பயன்படுத்துவதால் தேய்கிறது. காலம் போவதால் குறைகிறது. இன்னொன்று, வழக்கொழிதல். அதாவது இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைவிடப் புதிதாக ஒன்று வந்துவிட்டது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. முதல் காரணம் இயந்திரத்துக்கு உள்ளே நடக்கிறது. கடைசிக் காரணம் இயந்திரத்துக்கு வெளியே, வேறு யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் நடக்கிறது. ஆனால் இரண்டையும் கழிப்பது ஒரே கணக்கில், அந்த இயந்திரத்தின் பேரில்!

சட்டமும் அப்படித்தான். 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். லேப்டாப்பின் பயன்தரு காலம் மூன்று வருடம். வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 40 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். நான் 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். குறைந்து செல் மதிப்பு முறையில் ஏழு வருடம் கழித்துப் பார்த்தேன். புத்தக மதிப்பு 1,064 ரூபாய். அதில்தான் வீட்டுக் கடன் கட்டுகிற அளவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அந்தச் சனிக்கிழமை வரை.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. 'புதுசு வாங்க வைக்க வேண்டுமென்றே செய்கிறார்களோ?'

ஆதாரம் இல்லாத சந்தேகம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசாகிப்போன சில ஐபோன்களில், சாஃப்ட்வேர் அப்டேட் மூலமாகத் தானே வேகத்தைக் குறைத்ததாக. காரணமும் சொன்னது. பழைய பேட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் கொடுக்க முடியாது, கேட்டால் போன் சட்டென்று அணைந்துவிடும், அதைத் தடுக்கத்தான் செய்தோம் என்றது. யோசித்துப் பார்த்தால் நியாயமான காரணம்தான். நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறவேண்டாம் என்பது போல. ஆனால் நோயாளியிடம் சொல்லவில்லையே! போன் மெதுவாகிவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் புது போன் வாங்கினார்களோ. ஒரு பேட்டரியை மாற்றியிருந்தால் போதும். விஷயம் வெளியே வந்த பிறகு ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரிக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் அங்கே வழக்கை 50 கோடி டாலர் வரை கொடுத்து முடித்துக்கொள்ளச் சம்மதித்தது. தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே.

அதே 2020 பிப்ரவரியில் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம். அதில் கவனிக்கவேண்டிய விஷயம், அபராதம் வேகத்தைக் குறைத்ததற்காக இல்லை. குறையும் என்று வாங்கியவர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக. இத்தாலியில் இதற்கு முன்பே, 2018 அக்டோபரில், ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் போட்டார்கள். பழைய போன்களில் அப்டேட் போடச் சொல்லி, அதனால் என்ன ஆகும் என்று போதுமான அளவு சொல்லாததற்கு.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, எல்லாம் திருட்டுப் பயல்கள்' என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு ஓட்டைகள் உலகத்துக்குத் தெரியவந்தன. சாஃப்ட்வேரில் இல்லை, சிப்பிலேயே ஓட்டை. வேகத்துக்காகச் செய்த ஏற்பாட்டில் வந்த வினை அது. சில மனைவிமார்கள் போல (என் வீட்டில் உண்டு), நாம் அடுத்து என்ன கேட்கப்போகிறோம் என்று சிப் முன்கூட்டியே ஊகித்து வேலையை முடித்து வைத்துவிடும். அந்த ஊகம் விட்டுப்போகிற சுவடுகளை வைத்து ரகசியங்களைத் திருடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சாஃப்ட்வேர் மூலம் பூட்டுப் போட்டார்கள். பூட்டு போட்டால் திறந்து மூட நேரமாகும். மைக்ரோசாஃப்ட் அப்போது வெளிப்படையாகவே சொன்னது: 2015 காலத்து சிப்களோ அதற்கும் முந்தியவையோ இருக்கும் கணினிகளில் சிலருக்கு வேகம் குறைவது தெரியும் என்று. திருடன் வரட்டும், வேகம்தான் முக்கியம் என்று நீங்கள் சொல்வீர்களா? லேப்டாப்பில் பேங்க் கணக்கு பார்க்கிற யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆக, மெதுவாவதே மோசடி இல்லை. சிலசமயம் பத்திரத்துக்குக் கொடுக்கிற விலை. சிலசமயம் சோம்பேறித்தனமும்தான். பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் விர்த், 1995-லேயே இதைப் பற்றி நொந்துபோய் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட சீக்கிரமாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டு வருகிறது என்ற பொருளில். மேஜை பெரிதாகிக்கொண்டே போகும் என்று தெரிந்தால் யார் தாள்களை அடுக்கி வைப்பார்கள்?

யார் எப்போது ஓய்வு பெறவேண்டும் என்பதையும் அவர்களே நிர்ணயிக்கிறார்கள். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. விருப்பப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை, பணி நீட்டிப்பு மாதிரி. நம் தமிழக அரசு ஊழியர்களுக்கு 58-ஐ 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கினார்கள். அதற்காக யாருக்கும் முழங்கால் புதிதாக முளைக்கவில்லை, 58-ல் அனுப்பியபோதும் யாருக்கும் மறுநாள் காலை மூளை வற்றிவிடவில்லை.

கடைக்குத் திரும்புவோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுற்றாத ரகம், அதாவது எஸ்எஸ்டி போட்டு, இன்னொரு 4 ஜிபி ராம் சேர்ப்பதாக முடிவு. மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம். 1,064 ரூபாய் சொத்துக்கு ஐயாயிரம் செலவு! என் அக்கவுன்டன்சி வாத்தியார் பார்த்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார் தம்பி. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணின் கையில் அரசாங்க லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்களே, அந்த வகை. அண்ணனுக்குக் கொடுத்ததாம், இப்போது தங்கைக்கு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில். "யாரோ புது சிஸ்டம் போட்டுத் தர்றேன்னு போட்டாங்க. அதுல இருந்து திறக்கவே மாட்டேங்குது" என்றாள்.

தம்பி அவளிடம் ராம் பற்றிப் பேசவில்லை, எஸ்எஸ்டி பற்றிப் பேசவில்லை. "நீ இதுல என்னம்மா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார்.

"பிடிஎஃப் படிப்பேன். டைப் பண்ணுவேன். அவ்வளவுதான்."

"அப்ப இதை எடுத்துட்டு லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டுத் தர்றேன். பார்க்க வேற மாதிரி இருக்கும். பயப்படாத." எத்தனை என்று அந்த அம்மா கேட்டதற்கு இருநூறு என்றார். என்னிடம் வாங்கிய லேபர் சார்ஜைச் சொல்லமாட்டேன்.

என்னிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது கொஞ்சம் உறுத்தியது. சர்வீஸ் சென்டரிலும் கேட்கவில்லை. அப்கிரேட் செய்யச் சொன்ன அந்தப் பெட்டியும் கேட்கவில்லை. நீ இதில் என்ன செய்வாய்?

அவளுக்கும் ஒரு சீட்டு எழுதினார். கம்ப்ளெய்ன்ட்: ஸ்லோ. அந்த வார்த்தையை இரண்டாவது தடவை பார்த்தபோது எனக்கு வேறொரு படிவம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று நினைத்தாலும் வந்துவிட்டது. பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ரொம்ப வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகம். டிடிபி பிரிவில் ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். டைப்ரைட்டர் காலத்தில் இருந்து வந்தவர். நான் அப்போது கையால் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்தை என் அம்மாவாலேயே படிக்க முடியாது, மாஸ்டர் படிப்பார். வெற்றிலை போட்டுக்கொண்டு, தாளை மட்டும் பார்த்து, கீபோர்டையோ திரையையோ பார்க்காமல் அடிப்பார். தப்பு இருக்காது. மழை ஓட்டு மேல் பெய்கிற மாதிரி ஒரு சத்தம்.

ஒருநாள் அலுவலகம் யூனிகோடுக்கு மாறியது. மாறவேண்டியதுதான். பழைய எழுத்துருவில் அடித்ததை இணையத்தில் போட்டால் கிறுக்கல் கிறுக்கலாக வரும், தேடினால் கிடைக்காது. அதோடு சேர்த்து விசைப்பலகையும் தமிழ் 99-க்கு மாறியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தரப்பாடு. நல்ல பலகைதான், நான் இதை அடிப்பதும் அதில்தான்.

ஆனால் டைப்ரைட்டர் முறையில் 'கெ' அடிக்கவேண்டும் என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. தமிழ் 99-ல் முதலில் 'க', பிறகு 'எ'. காதுக்குக் கேட்கிற வரிசை. முப்பது வருடமாக ஒரு வரிசையில் ஓடிய விரல்களை, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து எதிர் வரிசையில் ஓடச் சொன்னோம். மாஸ்டர் ஒவ்வொரு கொம்புக்கும் நின்றார். முன்னால் ஒரு மணி நேரத்தில் முடித்த பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. கீபோர்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். வெற்றிலையை விட்டுவிட்டார்.

அந்த வருடம் ஆட்களைக் குறைத்தார்கள். பிரிவுக்குப் பிரிவு மதிப்பீட்டுப் படிவம் வந்தது. பக்கங்களுக்குப் பொறுப்பாக இருந்த நான் டிடிபிக்கும் பூர்த்தி செய்யவேண்டும். 'வேகம்' என்று ஒரு வரி இருந்தது. மாஸ்டருக்கு நேராக 'குறைவு' என்று எழுதினேன்.

பொய் இல்லை, அளந்து பார்த்தாலும் குறைவுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'விசைப்பலகை மாற்றிய பிறகு' என்று மூன்று வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இரவு எட்டு மணி, இன்னும் பதினான்கு பேருக்கு எழுதவேண்டியிருந்தது. யாரும் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மாஸ்டர் வரவில்லை.

பிரான்ஸில் போட்ட அபராதம் எதற்கு என்று மேலே சொன்னேன் அல்லவா.

எழுதியிருந்தால் மட்டும் அவர் வேலை தப்பியிருக்குமா? தெரியாது. தப்பியிருக்காது என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவு மேலே எங்கேயோ எடுத்தாயிற்று, என் கையெழுத்து சும்மா சம்பிரதாயம் என்று. 'நான் ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்குகிற மாதிரி. ஆனால் அதை அமுக்கியபோது போனது என்னுடைய லேப்டாப். இதில் போனது இன்னொருவரின் வேலை. அந்த வித்தியாசத்தை எந்தச் சமாதானத்தாலும் என்னால் நிரப்ப முடியவில்லை.

லேப்டாப் தயார் என்று தம்பி கூப்பிட்டார். போட்ட உடனே திறந்தது. பால் காய்ச்ச நேரமில்லை. இரண்டு கூர்க்காவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஆரம்பிக்கும்போதே கூடவே கிளம்புகிற ஒன்பது புரோகிராம்களை நிறுத்தியிருந்தார். "அடுத்த தடவை அப்கிரேடுன்னா ஒரு போன் பண்ணுங்க சார்" என்றார்.

பையை மாட்டிக்கொண்டு அண்ணா சாலைக்கு வந்தேன். பழைய நண்பர்கள் நாலு பேருக்கு போன் அடித்ததில் மாஸ்டர் இருக்கும் இடம் தெரிந்தது. பக்கத்தில்தான், திருவல்லிக்கேணி. ஆட்டோ பிடித்தேன்.

ஒரு ஜெராக்ஸ் கடையின் பின் அறை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ். மாஸ்டருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பழுப்பேறிய ஒரு டப்பா மானிட்டர். விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்தது. உள்ளே பேஜ்மேக்கர். அதில் கடைசியாகப் புதிய பதிப்பு வந்ததே 2001-ல்.

"வைரஸ் வராதா மாஸ்டர்?"

"நெட்டு குடுத்தாத்தானே தம்பி வரும்? இதுக்கு நெட்டே கிடையாது. பென் டிரைவ்ல பிரஸ்ஸுக்குப் போகும். அவ்வளவுதான்."

கன்னத்தில் வெற்றிலை இருந்தது. காபி சொன்னார். பிள்ளைகள் பற்றிக் கேட்டார். நான் எழுதுவதைப் படிப்பதாகச் சொன்னார், ஒற்றுப் பிழை ஜாஸ்தியாகிவிட்டது என்றும் சொன்னார். அந்தப் படிவத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கு ஆபீஸ்ல எழுதினது..." என்று இழுத்தேன்.

"தெரியும்" என்றார். "மானேஜர் காட்டினாரு. பேரை மறைச்சுட்டுத்தான் காட்டினாரு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

நான் பேசாமல் இருந்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. காபி வந்தது. வெளியே யாரோ ஒருவர் பத்திரிகைக்கு அவசரப்படுத்தினார். முகூர்த்தம் இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டதாம், தேதியை மாற்றவேண்டும். மாஸ்டர் அந்தக் கசங்கிய தாளை எடுத்து இடது பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தார். நான் காபி ஆறும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.